மூன்று முறை ஹாஜிர்

இதில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. ராஜாவின் பெயரைக்கூட எழுதமாட்டேன். எனக்கு இது சிரமமே இல்லை, எங்கள் கேம்ப்பில் எவனுக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். வேறொரு காரணமும் உண்டு. இதைப் படிக்கக் கூடாத ஒருத்தி ஊரில் இருக்கிறாள். அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும்.

தம்மாமிலிருந்து பாலைவனத்துக்குள் மூன்று மணி நேரம் போனால் எங்கள் கேம்ப். எண்ணெய்க் குழாய் பதிக்கிற வேலை. குழாய் நகர நகர கேம்ப்பும் நகரும். வரிசையாகத் தகர ரூம்கள், ஒரு மெஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் மணல். போனில் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் பாதி ஏறி நிற்க வேண்டும். பெண்டாட்டியோடு சண்டை போடுகிறவன்கூட ஏணியில் தொங்கிக்கொண்டுதான் சண்டை போடுவான்.

நான் அங்கே டைம்கீப்பர். பி.காமைப் பாதியில் விட்ட கடற்கரைக்காரனுக்கு அது பெரிய உத்தியோகம். காலை ஐந்தரைக்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். நான் ரெஜிஸ்டரைப் பார்த்து நம்பரைக் கூப்பிடுவேன். அவன் "ஹாஜிர்" என்பான், இருக்கிறேன் என்று அர்த்தம், நான் டிக் போடுவேன். தலையைத் தூக்கிப் பார்க்க நேரம் இருக்காது. முந்நூறு பேர். பஸ் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். கேம்ப் பாஸ் பின்னால் நின்று "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தி உயிரை எடுப்பான்.

ஒருவன் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் அவன் ரூம்காரன் அவனுக்கும் சேர்த்து ஹாஜிர் சொல்லிவிடுவான். ஒரு நாள் ஆப்சென்ட் என்றால் பாஸ் ரூமுக்கே வந்து கத்துவான். இரண்டு நாள் என்றால் நம்பர் கஃபீலுக்கு, எங்கள் விசாவைக் கையில் வைத்திருக்கும் அரபி முதலாளிக்குப் போகும். கஃபீல் 'ஓடிப்போனவன்' என்று போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவன் கதி அதோகதிதான். அதனால் இந்த இரவல் ஹாஜிர் எங்களுக்குள் ஒரு வழக்கமாகவே இருந்தது. முந்நூறு குரலும் எனக்கு மனப்பாடம், எது யார் குரல் என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் டிக் போடுவேன். அதை நான் செய்கிற தர்மம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ரூமில் ஆறு பேர். அதில் மூன்று பேர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கத்தோலிக்கர்கள்: நான், ஷட்டரிங் அடிக்கும் கார்பென்டர் ஒருவன், அப்புறம் என் சேக்காளி. சேக்காளிக்கும் எனக்கும் ஒரே வயது, அடுத்தடுத்த ஊர். அவன் சர்வே ஹெல்பர். வெள்ளைக்காரச் சர்வேயர் முக்காலியில் கருவியை வைத்துப் பார்க்க, இவன் தூரத்தில் அளவுக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "நம்ம கோயில் கொடிமரம் மாதிரி நிக்கேன் மக்கா. எனக்கும் வருசத்துக்கு ஒருக்கா பெயின்ட் அடிக்கச் சொல்லு" என்பான்.

அந்த நாட்டில் நமக்குக் கோயில் கிடையாது. ரூமுக்குள் ஜெபமாலை சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் கூட்டம் கூடிப் பூசை வைத்துப் பிடிபட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்படியிருந்தும் பூசை வைக்க ஒரு சாமியார் வருவார். பேன்ட், சட்டை, கையில் டூல் பாக்ஸ். அவரை நாங்கள் எலக்ட்ரீஷியன் என்போம். "இந்த வாரம் கரண்டு வேலை இருக்கு" என்றால் வெள்ளிக்கிழமை பூசை என்று அர்த்தம். எங்கள் பாஸ் மோப்பம் பிடிக்கிறவன் என்பதால் அவர் எங்களிடம் வரமாட்டார். குழாய்ப் பாதையிலேயே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு கேம்ப்புக்கு வருவார். நாங்கள் விடியும் முன் கிளம்பி, இரண்டு இரண்டு பேராக நடந்து போவோம். போன் கொண்டுபோகக் கூடாது என்பது கண்டிப்பான சட்டம். ஒருத்தன் போன் பிடிபட்டால் அதிலிருந்து எல்லார் நம்பரும் வெளியே வந்துவிடுமே.

ஜனவரி முதல் தேதி ரூமில் புனிதர் சீட்டு எடுப்போம். ஊரில் மடத்து சிஸ்டர்கள் செய்கிற பழக்கம் அது. கார்பென்டரின் தங்கச்சி கன்னியாஸ்திரீ. அவள் சீட்டுகளை எழுதி மசாலாப் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்புவாள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு புனிதர் பெயர், அவருடைய திருநாள். யார் கைக்கு யார் வருகிறாரோ அந்த வருடம் அவர்தான் நமக்குப் பாதுகாவலர். அந்த வருடம் பால் பவுடர் டின்னுக்குள் கையை விட்டோம். கார்பென்டருக்கு ஊரே நேர்ந்துகொள்ளும் பெரிய புனிதர் வந்தார், அவன் முகத்தில் அப்படியொரு திமிர். எனக்கு யாரோ ஓர் இத்தாலிய விதவை. சேக்காளியின் சீட்டில் வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. கீழே 'இங்கிலாந்து அரசர், மறைசாட்சி, நவம்பர் 20' என்று போட்டிருந்தது. மறைசாட்சி என்றால் வேதத்துக்காக உயிரை விட்டவர்.

"யாருல இவரு?" என்றான் சேக்காளி.

"வெள்ளைக்கார ராசா. ஒனக்கு வேலை சொல்லுகதும் வெள்ளைக்காரன், காவலுக்கும் வெள்ளைக்காரன். நடத்து" என்றான் கார்பென்டர்.

"கதை தெரியாம எப்படில வேண்டிக்கிடுறது? மக்கா, நீதான் இங்கிலீசு பேசுவ. எங்க சர்வேயர்ட்ட ஒரு வார்த்தை கேளேன்."

கேட்கிறேன் என்று சொல்லியே பத்து மாதம் ஓட்டினேன். அவர் ஏதாவது சந்தேகப்படுவாரோ, பாஸிடம் சொல்லிவிடுவாரோ என்று பயம். பயப்படுவதற்கு எனக்குக் காரணம் தேவையில்லை, அது என் சுபாவம். சேக்காளியும் விடவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு எதிரே உட்கார்ந்து "என் ராசா என்ன ஆனாரு?" என்று தினமும் கேட்பான். கடைசியில் அக்டோபரில், சர்வேயர் கையெழுத்துப் போட ஆபீசுக்கு வந்தபோது சீட்டிலிருந்த பெயரை அவரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இங்கிலாந்தின் கிழக்குக் கரைதான் அவர் ஊர், அந்த ராஜா ஆண்டதும் அங்கேதான்.

அவர் டீ குடித்துக்கொண்டே சொன்ன கதையை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஆயிரம் வருடத்துக்கும் முந்தினது. அப்போது இங்கிலாந்து ஒரே நாடு இல்லை, துண்டு துண்டாகப் பல ராஜாக்கள். கிழக்குத் துண்டுக்கு இவர் மீசை முளைக்கிற வயதிலேயே ராஜாவாகிவிட்டார். நல்ல ராஜா என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஏழைகளையும் விதவைகளையும் தகப்பன் போலப் பார்த்துக்கொண்டாராம். பிறகு டென்மார்க் பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாகக் கொள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஊர் ஊராக எரித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் தலைவன் ராஜாவுக்கு ஆள் அனுப்பினான்: உன் பொக்கிஷத்தில் பங்கு கொடு, எனக்குக் கீழ்ப்பட்டு ராஜாவாக இரு, பிழைத்துப்போ. கூட இருந்த ஆயர், அந்த நாட்டுப் பிஷப்கூட, சரி என்று சொல்லிவிடுங்கள், முடியாவிட்டால் ஓடிவிடுங்கள் என்றுதான் சொன்னார். ராஜா கேட்கவில்லை. தன் ஜனங்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு படுக்கையிலேயே வெட்டுப்பட்டுக் கிடக்கும்போது தான் மட்டும் மிஞ்சி என்ன செய்வது என்றார். அந்தத் தலைவன் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டாலொழிய அவனுக்குக் கீழ்ப்பட முடியாது என்று பதில் அனுப்பினார்.

அவர்கள் வந்தபோது ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு நின்றார். கட்டித் தடியால் அடித்தார்கள். மரத்தில் கட்டிச் சாட்டையால் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அவர் சேசுவைக் கூப்பிட்டார், அது அவர்களுக்கு இன்னும் ஆத்திரம். விளையாட்டுக்குக் குறி வைப்பதுபோல அம்பு விட்டார்கள். முள்ளம்பன்றி மாதிரி உடம்பெல்லாம் அம்பு நின்றது, அப்போதும் அவர் வாய் நிற்கவில்லை. கடைசியில் தலையை வெட்டினார்கள். முழு உடம்பாக அடக்கம் செய்யக் கூடாது என்கிற வன்மத்தில் தலையைக் காட்டுக்குள் கொண்டுபோய் முள்புதரில் எறிந்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள்.

ஜனங்கள் தலையைத் தேடிப் போனார்கள். அடர்ந்த காடு. ஒருவரை ஒருவர் தொலைத்துவிடாமல் இருக்க "எங்கே இருக்கே, எங்கே இருக்கே" என்று கூப்பிட்டுக்கொண்டே தேடினார்கள். அதற்கு ராஜாவின் தலை பதில் சொன்னது: இங்கே, இங்கே, இங்கே. குரல் வந்த பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு சாம்பல் நிற ஓநாய் அந்தத் தலையை முன்னங்கால்களுக்கு நடுவே வைத்துக் காவல் இருந்தது. பசியோடிருந்தும் தொடவில்லை. தலையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனபோது கூடவே நடந்து வந்து விட்டுவிட்டுக் காட்டுக்குத் திரும்பிவிட்டது. பல வருடம் கழித்துக் கல்லறையைத் திறந்தால் தலை உடம்போடு ஒட்டியிருந்ததாம், கழுத்தைச் சுற்றிச் சிவப்பு நூல் போல ஒரு கோடு மட்டும்.

"நீங்க இதை நம்புறீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். அவர் சின்ன வயதில் அந்த ராஜாவுக்காகக் கட்டிய பெரிய கோயிலின் இடிந்த கற்களில் ஏறி விளையாடியிருக்கிறார். உடம்பு இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாதாம். பழைய டென்னிஸ் கோர்ட்டுக்கு அடியில் இருக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்களாம்.

அன்று சாயங்காலம் ரூமில் கதையைச் சொன்னேன். சேக்காளி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். சொல்லி முடித்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். "அவன் கேட்டது ஒரு வார்த்தைதான். வாயால 'சரி'ன்னு சொல்லிட்டு மனசுக்குள்ள வேற வச்சுக்கிட்டா என்ன? நானா இருந்தா சொல்லியிருப்பேன்" என்றேன்.

சேக்காளி சிரித்தான். "நீ சொல்லுவ மக்கா. அம்பை எடுக்கதுக்கு முன்னாலயே சொல்லிருவ."

கார்பென்டரும் சிரித்தான், நானும் சிரித்தேன். மறுநாள் காலை அவன் நம்பரைக் கூப்பிட்டபோது அவன் "ஹாஜிர், ஹாஜிர், ஹாஜிர்" என்று மூன்று முறை சொன்னான். வரிசையே திரும்பிப் பார்த்தது. பாஸ் "க்யா பாகல் ஹோ கயா?", பைத்தியமா பிடித்துவிட்டது என்று கத்தினான். அதிலிருந்து தினமும் மூன்று முறைதான். நானும் ரெஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்துக்கொள்வேன்.

அந்த வருடம் நவம்பர் இருபது வெள்ளிக்கிழமையில் விழுந்தது. அதே வெள்ளிக்கிழமை கரண்டு வேலையும் இருந்தது. சேக்காளிக்குத் தலைகால் புரியவில்லை. தன் ராஜாவுக்கு அவர் திருநாளன்றே பூசை, இதைவிட என்ன வேண்டும் என்றான். அவனோடு போக வேண்டிய முறை என்னுடையது. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன் வேறெங்கோ ஒரு பூசையில் ஆட்களைப் பிடித்துவிட்டார்கள் என்று பேச்சு அடிபட்டது. விடியற்காலை அவன் வந்து எழுப்பியபோது தலைவலி என்றேன். கார்பென்டருக்கு அன்று லீவு நாளிலும் ஓவர்டைம்.

"சரி, படு. ஒனக்கும் சேத்து வேண்டிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தான். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டான். கதவைத் திறந்தபோது வெளியே பனிமூட்டம், எதிர் ரூம் விளக்குகூடத் தெரியவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவன் திரும்பவில்லை. அதற்கு முன்பும் ஒரு தரம் அந்தக் கேம்ப்பிலிருந்த ஊர்க்காரர்களோடு தங்கிவிட்டு மறுநாள் தண்ணீர் டேங்கரில் வந்திருக்கிறான். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். சனிக்கிழமை விடியற்காலை தலையணைக்கு அடியில் அவன் போனில் அலாரம் அடித்தது, கார்பென்டர் அதை நிறுத்தினான். வரிசையில் அவன் நம்பரைக் கூப்பிட்டேன். "ஹாஜிர்" என்றது கார்பென்டரின் குரல். டிக் போட்டேன். சர்வேயர் வியாழக்கிழமையே மீட்டிங்குக்குத் தம்மாம் போயிருந்தார். அவர் இல்லாத நாளில் ஹெல்பர்களை யாரும் தேடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நம்பரைக் கூப்பிட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அன்று மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கார்பென்டர் வாயைத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பயம் வந்துவிட்டது, எனக்கும்தான். ஆப்சென்ட் போட்டால் எங்கே போனான் என்று கேட்பார்கள். எங்கே போனான் என்று தெரிந்தால் எலக்ட்ரீஷியன் மாட்டுவார், அந்தக் கேம்ப்பில் உள்ளவர்கள் மாட்டுவார்கள், நான் மாட்டுவேன். பின்னால் பாஸ் "யல்லா" என்றான். யாரும் சொல்லாத ஹாஜிருக்கு நானே டிக் போட்டுவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.

மதியம் தண்ணீர் டேங்கர் வந்தது. டிரைவர் ஒரு பாகிஸ்தான் பட்டாணியன், எங்கள் சங்கதி தெரிந்தவன், யாரிடமும் சொல்லாதவன். அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"பாய், வோ தோ ஆயா ஹீ நஹீ" என்றான். அவன் அங்கே வந்து சேரவே இல்லையாம். எங்கள் கேம்ப்பிலிருந்து யாரும் வராததால் பயந்துவிட்டோம் என்று நினைத்தார்களாம்.

அந்த நிமிடமே ஓடியிருக்க வேண்டும். இதை எழுதுகிற இப்போதும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. நான் ஆபீசுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு நாள் டிக் என் முன்னால் இருந்தது. என்ன சொல்வது, எப்படிச் சொன்னால் யாரும் மாட்டாமல் இருப்பார்கள், முக்கியமாக நான் எப்படி மாட்டாமல் இருப்பேன் என்று யோசித்துக்கொண்டே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு பாஸிடம் போய், சர்வே ஹெல்பரை மதியத்திலிருந்து காணவில்லை என்றேன்.

"கிதர் கயா?" என்றான், எங்கே போனான் என்று.

"மாஃபி மாலூம்", தெரியாது என்றேன். போன் பேச ரோட்டுப் பக்கம் போயிருப்பானோ என்னவோ என்றும் சேர்த்துக்கொண்டேன். ரோடு கிழக்கே, குழாய்ப் பாதை மேற்கே. இரண்டு வண்டிகள் ரோட்டுப் பக்கம் போய், இருட்டும்வரை ஹாரன் அடித்துத் தேடிவிட்டுத் திரும்பின.

திங்கட்கிழமை விடிந்ததும், முந்தின நாள் ராத்திரி வந்து சேர்ந்திருந்த சர்வேயரின் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். எலக்ட்ரீஷியனையும் சொன்னேன், டிக்கையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு குழாய்ப் பாதையில் போனோம். அன்றும் பனிமூட்டம். குழி வெட்டிய இடத்தில் வண்டி ஓட்ட முடியாது என்று இறங்கி, கை நீட்டினால் எட்டாத தூரத்தில் ஆளுக்கு ஆள் விலகி வரிசையாக நடந்தோம். பக்கத்து ஆளைத் தொலைத்துவிடாமல் இருக்கக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தோம். ஒருவன் "கிதர் ஹை?" என்பான், இன்னொருவன் "எங்கல இருக்க?" என்பான். சர்வேயர் இங்கிலீசில் கூப்பிட்டார். அவர் குரல் ஒரு தரம் பாதியில் நின்றது. அவருக்கும் அந்தக் கதை ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பனிக்குள்ளிருந்து குரல் வந்தது: "இங்கன... இங்கன... இங்கன..."

ஒரு நொடி எனக்கு அது அவன் குரலாகவே கேட்டது. சேசுவே என்று ஓடினேன். ஓடும்போதே யார் குரல் என்று தெரிந்துவிட்டது. முந்நூறு குரலும் எனக்கு மனப்பாடமாயிற்றே. சனிக்கிழமை அவனுக்காக ஹாஜிர் சொன்ன அதே குரல். கார்பென்டர் ஒரு குழியின் விளிம்பில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

வால்வு வைக்கத் தோண்டிய குழி, பத்தடிக்கு மேல் ஆழம். பிளைவுட் போட்டு மூடியிருந்தார்கள். அதன்மேல் மணல் படிந்து தரையோடு தரையாகிவிட்டிருந்தது. பலகை முறிந்து அவன் உள்ளே விழுந்திருக்கிறான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தான். ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது, சட்டையைக் கழற்றி அதில் கட்டியிருந்தான். கை எட்டுகிற உயரம் வரை சுவரில் விரல்கள் பிறாண்டிய தடம். பக்கத்தில் காலியான தண்ணீர் பாட்டில், மூடி ஒழுங்காகத் திருகி வைத்திருந்தது. இக்காமா என்கிற அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் ராஜாவின் சீட்டு இருந்தது.

ஓநாய் எதுவும் காவலுக்கு வரவில்லை. எந்த அற்புதமும் நடக்கவில்லை. பார்த்துக்கொள்ள வேண்டிய ராஜாவும் வரவில்லை, பார்த்துக்கொள்ள வேண்டிய நானும் வரவில்லை.

அன்றே உடம்பைப் பார்த்த டாக்டர் சொன்னதைச் சர்வேயர் என்னிடம் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம், ஆனால் எனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தார் போலும். நாங்கள் கண்டுபிடித்தபோது செத்து இருபது மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லையாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் உயிரோடு இருந்திருக்கிறான். கூப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பான்.

எலக்ட்ரீஷியன் பெயர் வெளியே வரவில்லை, அதைச் சர்வேயர் பார்த்துக்கொண்டார். விசாரணைக்கு ரெஜிஸ்டரைக் கேட்டார்கள், கொடுத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் டியூட்டிக்கு வந்தவன், ஞாயிறு மதியத்துக்கு மேல் நடக்கப் போய் விழுந்து செத்தான் என்று எழுதினார்கள். அது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. கலாஸ், முடிந்தது என்று பாஸ் ஃபைலை மூடினான், நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

நான்கு மாதம் கழித்து லீவில் போனபோது அவன் வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், இந்தப் பாரத்தை இனிமேல் சுமக்க முடியாது. அவள் எனக்கு நாற்காலி போட்டாள், கலர் வாங்கி வரச் சொல்லி யாரையோ அனுப்பினாள். பிறகு பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தாள். கம்பெனி அனுப்பிய காகிதங்கள். அதில் என் ரெஜிஸ்டரின் ஜெராக்ஸ். அவன் நம்பருக்கு நேரே நான் போட்ட இரண்டு டிக்.

"அண்ணே, இதை நீங்கதான எழுதுவிய? அவிய சொல்லியிருக்காவ."

"ஆமா" என்றேன்.

"மொதல்ல ரெண்டு மூணு நாளா குழிக்குள்ள கெடந்தாவன்னு ஊருக்குள்ள பேசுனாவ. நான் சோறு தண்ணி எறங்காமக் கெடந்தேன். அப்புறந்தான் இந்தக் காயிதம் வந்துச்சு." டிக் மேல் விரலை வைத்துக் காட்டினாள். "சனிக்கெழமையும் வேலைக்கு வந்திருக்காவ, ஞாயித்துக்கெழமையும் வந்திருக்காவ. அப்படின்னா விழுந்ததும் போய்ட்டாவ. கஷ்டப்படல. என்னண்ணே?"

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் என் பாரம் இறங்கும். அவளுக்கு அந்தக் குழியைத் திறந்துவிட்ட மாதிரி ஆகும்.

"ஆமாம்மா. கஷ்டப்படல" என்றேன்.

அவள் காகிதத்தை மடித்துக் கவருக்குள் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவியளுக்குச் சீட்டுல ஒரு ராசா விழுந்திருக்காருன்னு போன்ல சொன்னாவ. கதையை லீவுல வந்து சொல்லுதேன், ஏணியில தொங்கிக்கிட்டுச் சொல்ல முடியாதுன்னு சிரிச்சாவ. ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?"

சொன்னேன். சின்ன வயதில் ராஜாவானது, கப்பலில் வந்தவர்கள், ஒரே ஒரு வார்த்தை சொல்ல மறுத்தது, மரம், அம்பு எல்லாம் சொன்னேன். தலையை முள்புதரில் எறிந்துவிட்டுப் போனதையும், ஜனங்கள் காட்டுக்குள் "எங்கே இருக்கே" என்று கூப்பிட்டுக்கொண்டு தேடியதையும் சொன்னேன். அங்கே வந்ததும் கதையை நிறுத்தினேன். கலரை ஒரு வாய் குடித்தேன்.

"தேடிப் போனவிய உடனே போனாவளாண்ணே?" என்று கேட்டாள்.

"உடனே போனாங்கம்மா" என்றேன்.